முதுகுப் பக்கத்து முக்கால் இஞ்ச்

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை விற்பவர்கள் அதன் முகத்தைக் காட்டித்தான் விற்பார்கள். பளபளக்கும் கதவு, சத்தமில்லாத ஓட்டம், மூன்று அடுக்குத் தட்டு, ஓரத்தில் மினுங்கும் எண்கள். வாங்குபவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். சுவரோடு சேர்த்துத் தள்ளி வைத்துவிட்ட பிறகு அதன் முதுகை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. நயமெல்லாம் அந்த முதுகில்தான் இருக்கிறது. சுவர்க் குழாயிலிருந்து இயந்திரத்தின் வயிற்றுக்குப் போகும் ஒன்றரை மீட்டர் ஹோஸ், அதன் இரண்டு முனைகள், முனையில் ஒரு சல்லடை, சல்லடைக்குப் பின்னால் ஒரு வால்வு. அவ்வளவுதான் மொத்தச் சரக்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வார்கள். எதுகை எங்கே, மோனை எங்கே என்று வரி வரியாகத் தேடுவோம். அதே கண்ணை வைத்துக்கொண்டு இந்த ஒன்றரை மீட்டரையும் படிக்கலாம் என்பது என் கட்சி.

வாழையிலையில் சாப்பிட்டுச் சுருட்டிப் போட்டால் முடிந்தது, இந்த இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்கள் பினாங்கில் நிறைய உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் கறிக் குழம்பும் தேங்காய்ப் பாலும் மஞ்சளும் புழங்குகிற வீட்டில், நாலு பேர் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற காலை நேரத்தில், இலை போடுவது விசேஷ நாளோடு சரி. மற்ற நாளெல்லாம் தட்டுதான்.

இந்த இயந்திரத்தின் பிறப்பே தண்ணீரின் வேகத்தை நம்பிய கதை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஷெல்பிவில் ஊரில் இருந்த ஜோசஃபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-இல் காப்புரிமை பெற்றார். தேய்ப்பதை நம்பாமல், கம்பிக் கூடைகளில் தட்டுகளைச் செருகிச் சோப்புத் தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்தார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அது வேலை செய்ததை ஊரே பார்த்தது. இன்றைய இயந்திரத்திலும் அடிப்படை அதேதான். ஒரு வித்தியாசம்: இப்போது ஒரு முழுக் கழுவலுக்கு 10 முதல் 12 லிட்டர் தண்ணீர் போதும். இவ்வளவு சிக்கனமாகக் குடிப்பதால்தான் அந்தக் கொஞ்சமும் சரியான நேரத்தில், சரியான அளவில் வந்தாக வேண்டியிருக்கிறது. வராவிட்டால் இயந்திரம் இரண்டு மூன்று நிமிடம் முனகும், பிறகு முகத்தில் ஒரு குழாய்ப் படத்தை ஏற்றிவிட்டு நின்றுவிடும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனின் பழைய தண்ணீர், தாவரவியல் பூங்காவுக்குப் பின்னால் விழும் அருவியின் தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செங்கல் வாய்க்கால் கட்டி அதை ஊருக்குள் இறக்கினார்கள். தமிழர்களுக்கு அந்த இடம் தண்ணீர்மலை. தைப்பூசத்துக்கு முருகனின் தேர் ஊருக்குள்ளிருந்து கிளம்பி, தேங்காய்ச் சிதறலுக்கு நடுவே, தண்ணீர்ப் பந்தல்களைத் தாண்டித் தண்ணீர்மலைக்குப் போகிறதே, அதற்கு நேர் எதிர்த் திசையில் தண்ணீர் ஊருக்குள் இறங்கியது. பர்மா ரோட்டை ஹொக்கியன் சீனர்கள் இன்றும் தண்ணீர் வண்டிச் சாலை என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். மாட்டு வண்டியில் தண்ணீர் போன காலத்தின் மிச்சம் அது. ஊர் பெருகப் பெருக அருவி போதவில்லை. 1962-இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999-இல் தெலுக் பாஹாங் அணை. இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆதாரம் இப்போது தீவிலேயே இல்லை: மாநிலத்துக்கு வேண்டியதில் ஏறத்தாழ 80 விழுக்காடு, கெடாவைத் தொட்டு ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. செபராங் பிறையில் சுங்கை டுவா நிலையத்தில் தெளிந்து, கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாகத் தீவுக்கு ஏறுகிறது. ஆற்றைத் தாண்டி, கடலைத் தாண்டி வந்த தண்ணீர் கடைசி ஒன்றரை மீட்டரில் நின்றுவிட்டால் கோபம் வருவது நியாயம்தானே.

இனி, சுவரிலிருந்து வரிசையாக.

முதலில், சுவரில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வும் அதில் ஹோஸ் ஏறும் மரையும். கடைக்காரர் இதை முக்கால் இஞ்ச் என்பார். அளவுகோலை வைத்துப் பாருங்கள், முக்கால் இஞ்ச் எங்கேயும் கிடைக்காது. முக்கால் இஞ்ச் என்றால் 19 மில்லிமீட்டர்; மரையின் வெளிவிட்டமோ 26.4 மில்லிமீட்டர். பழைய இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்த கணக்கு இது. குழாய் மாறிப் பிளாஸ்டிக் ஆனது, சுவர் மெலிந்தது, பித்தளை வந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை. மரையின் கோணம் 55 பாகை. ஜோசஃப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841-இல் முன்வைத்த கோணம். ஒரு இஞ்சுக்கு 14 சுற்று. பினாங்கில் நீங்கள் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போய்க் கேட்டாலும் இதே 14 சுற்று, இதே 55 பாகை. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அவன் மரை மட்டும் நம் சமையலறையில் இறுகிக்கொண்டே இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. அமெரிக்கத் தோட்டக் குழாயின் மரையும் பெயரளவில் முக்கால் இஞ்ச்தான். ஆனால் அதில் இஞ்சுக்கு பதினொன்றரைச் சுற்று, விட்டமும் கொஞ்சம் கூடுதல். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததே என்று வரவழைத்த ஹோஸ் முதல் சுற்றில் ஒழுங்காக ஏறுவதுபோல் பாவனை செய்யும். பிறகு முரண்டு பிடிக்கும். முரண்டை வலுவால் வெல்லப் பார்ப்பவர்கள் பித்தளை மரையை மழுக்கிவிடுவார்கள். நல்ல கை முதல் அரைச் சுற்றிலேயே தெரிந்துகொள்ளும். விரல் நுனியால் திருகும்போதே மூன்று சுற்று தடையில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் அது வேறு குடும்பத்து மரை.

ஹோஸின் தலைக்குள் ஒரு ரப்பர் வாஷர் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பது சென் கொடுத்தாலே கிடைக்கிற வளையம். கசிவை நிறுத்துவது இதுதான், மரை இல்லை. மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். குழாயின் சமமான வாயும் ஹோஸின் சமமான வாயும் நடுவில் ரப்பரை வைத்து அழுத்த, அந்த அழுத்தத்தில் தண்ணீர் அடைபடுகிறது. இது புரிந்தவர் இந்த இடத்தில் டெஃப்லான் டேப்பைத் தொடவே மாட்டார். புரியாதவர் வெள்ளையாகப் பத்துச் சுற்று சுற்றுவார். டேப் தடித்து, தலை முழுதாக ஏறாமல், வாஷர் அழுந்தாமல், நன்றாக இருந்த இடமும் கசியத் தொடங்கும். டேப் பாவம், அதன் மேல் குற்றமில்லை. சுவருக்குள் போகிற இரும்பு மரையில், மரையே அடைப்பாக வேலை செய்ய வேண்டிய இடத்தில், அதற்கு நிகர் ஏதும் கிடையாது. இந்த இரண்டு வகை இணைப்பையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி பிளம்பர் ஆகிவிட்டீர்கள். கையால் இறுக்கி, பிறகு இடுக்கியால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் ரப்பர் நசுங்கிப் பிதுங்கும்.

அடுத்தது சல்லடை. ஹோஸ் இயந்திரத்தில் சேருமிடத்தில், அல்லது குழாய் முனையிலேயே, குல்லாய் மாதிரி ஒரு சின்ன வலை. பிளாஸ்டிக்கோ எஃகோ. பழைய கடைவீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இன்னும் சுவருக்குள் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர். முகப்பை மாற்றக் கூடாது, கூரை ஓட்டை மாற்றக் கூடாது என்று கட்டுப்பாடு. உள்ளே போகிற குழாயை மாற்றலாம் என்றாலும் சுவரை உடைக்க யாருக்கும் மனம் வராது. அந்தக் குழாய் உதிர்க்கிற துருத்தூளெல்லாம் வந்து நிற்பது இந்தக் குல்லாயில். மூக்கு இடுக்கியால் மெல்லப் பிடித்து இழுத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டால் முடிந்தது. செம்பழுப்பாக ஒரு சிட்டிகை தூள் இறங்கும். 

தண்ணீர் வேகமாக வரட்டும் என்று இந்தச் சல்லடையையே பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. சில மெக்கானிக்குகளே செய்கிறார்கள். அது எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிய அடுத்த உறுப்பைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றரை மீட்டரின் உயிர்நிலை அதுதான்.

இன்லெட் வால்வு. வெளியே பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் கட்டை, அதன் மேல் செப்புக் கம்பி சுற்றிய காயில், இரண்டு ஒயர். மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் மூடும். இதில் என்ன நயம் என்று கேட்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழாயில் நிற்கும் தண்ணீர் இரண்டு மூன்று பார் அழுத்தத்தோடு மோதிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் பருமன் இல்லாத ஒரு காந்தத்தால் அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து ஒரு கதவைத் தூக்கவும் முடியாது, இறுக்கி மூடவும் முடியாது. முடிய வேண்டுமானால் காயில் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், சூடாகும், மின்சாரம் குடிக்கும். இதை வடிவமைத்தவர்கள் அந்த வழிக்கே போகவில்லை. தண்ணீரை அடக்கும் வேலையைத் தண்ணீரிடமே கொடுத்துவிட்டார்கள்.

உள்ளே வட்டமான ஒரு ரப்பர்த் தோல் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஊசி முனை அளவு ஒரு துளை. நடுவில் இன்னொரு துளை, முதல் துளையைவிடச் சற்றே பெரியது. நடுத்துளையின் மேல் ஒரு சிறு உலக்கை ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உட்கார்ந்து அதை அடைத்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஓரத்துளை வழியாகக் கசிந்து ஏறித் தோலுக்கு மேலே உள்ள சிறு அறையை நிரப்புகிறது. இப்போது தோலின் மேலும் கீழும் ஒரே அழுத்தம். ஆனால் மேலே தண்ணீர் முழு வட்டத்தையும் அழுத்துகிறது. கீழே, நடுவில் வெளியேறும் வழி இருப்பதால், சுற்றியுள்ள வளையத்தை மட்டும்தான் தள்ள முடிகிறது. ஒரே தண்ணீர், ஒரே அழுத்தம், பரப்பில்தான் வேறுபாடு. அந்த வேறுபாடே கதவை இறுக்கி மூடுகிறது. குழாயில் அழுத்தம் கூடக் கூட மூடலும் இறுகும்.

காயிலுக்கு மின்சாரம் வந்ததும் காந்தம் அந்தச் சிறு உலக்கையை மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்குகிறது. அவ்வளவுதான் அதன் பங்கு. நடுத்துளை திறக்கிறது, மேலறைத் தண்ணீர் அதன் வழியாக ஓடிவிடுகிறது. ஓரத்துளை சின்னது, அதனால் அந்த வேகத்தில் மேலறையை மறுபடி நிரப்ப முடியாது. மேலே அழுத்தம் விழுகிறது. கீழே காத்திருந்த தண்ணீர் தோலைத் தானே தூக்கிக்கொண்டு பாய்கிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் உலக்கையை இறக்கும், நடுத்துளை அடைபடும், மேலறை மெல்ல நிரம்பும், தோல் படியும். திறப்பதும் தண்ணீர், மூடுவதும் தண்ணீர். காந்தம் வெறும் கண்ணசைவு.

இப்போது ஒரு மணல் துணுக்கைக் கற்பனை செய்யுங்கள். அது நடுத்துளையில் சிக்கினால் மேலறைத் தண்ணீர் வெளியேறாது. காயில் எவ்வளவு முனகினாலும் கதவு திறக்காது. இயந்திரம் வறண்டு நிற்கும். அதே துணுக்கு ஓரத்துளையில் சிக்கினால் மேலறை நிரம்பாது; மின்சாரம் நின்ற பிறகும் கதவு மூடாது; தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஒரே துணுக்கு, அரை விரல் தள்ளி உட்கார்ந்தால் வறட்சிக்குப் பதில் வெள்ளம். இவ்வளவு நுணுக்கமான இரண்டு துளைகளுக்குக் காவலாகத்தான் வாசலில் அந்தக் குல்லாய்ச் சல்லடை நிற்கிறது. அதைப் பிடுங்கி எறிவது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இன்னொரு விசித்திரமும் இதிலிருந்தே பிறக்கிறது. தண்ணீரின் அழுத்தம்தான் கதவை மூடுகிறது என்றால், அழுத்தம் மிகக் குறைந்த வீட்டில் கதவு சரியாக மூடாது. தண்ணீர் வேகமில்லாத வீட்டில்தான் இயந்திரம் அணைந்திருக்கும்போதும் சொட்டுச் சொட்டாக நிரம்பும். இயந்திரத்தோடு வரும் கையேடுகள் பல, குறைந்தது அரை பார் அழுத்தம் வேண்டும் என்று கேட்பது நிரம்புவதற்காக மட்டும் இல்லை, மூடுவதற்காகவும்தான். அரை பார் என்றால் ஐந்து மீட்டர் உயரத்துத் தண்ணீர். நம் வீடுகளில் கூரைக்கடியில் இருக்கும் தொட்டி, மேல்மாடிச் சமையலறைக்கு அந்த உயரத்தில் இருப்பதில்லை. வழக்கமாகச் சமையலறைக் குழாய்க்கு மட்டும் தெருக் குழாயிலிருந்து நேரடி இணைப்பு இருக்கும், மற்ற குழாய்களெல்லாம் தொட்டியில். வீட்டைத் திருத்திக் கட்டும்போது யாராவது சமையலறையையும் தொட்டியோடு சேர்த்துவிட்டால் வம்பு அங்கே தொடங்கும்.

சில வால்வுகளின் நுழைவாயிலில் இன்னொரு ரப்பர் வளையம் இருக்கும். நடுவில் துளை, மேற்புறம் சற்றுச் சரிவு. பார்ப்பவர்கள் ஏதோ கூடுதல் வாஷர் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது அளவுகாரன். குழாயில் அழுத்தம் கூடினால் ரப்பர் வளைந்து துளை சுருங்கும்; அழுத்தம் குறைந்தால் துளை விரியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஊர் தூங்கும்போது தண்ணீர் எகிறி வந்தாலும், காலை ஏழு மணிக்கு எல்லாரும் குளிக்கும்போது தளர்ந்து வந்தாலும், உள்ளே போகிற வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். மின்சாரமும் கிடையாது, கணினியும் கிடையாது. ஒரு ரப்பர்த் துண்டு தன் வளைவாலேயே கணக்குப் போடுகிறது. இந்த இயந்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், பெரிய வால்வைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

வால்வு என்றதும் பினாங்குக்காரர்களுக்கு 2024 ஜனவரி நினைவுக்கு வரும். தைப்பூசத்துக்குப் பதினைந்து நாளுக்கு முன், 10-ஆம் தேதி தொடங்கி 14-ஆம் தேதி வரை மாநிலம் முழுக்கத் திட்டமிட்ட நீர்த்தடை. ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்களுக்குத் தண்ணீர் தடைபட்டது. காரணம், சுங்கை டுவா நிலையத்தில் இரண்டு வால்வுகளை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் 1,200 மில்லிமீட்டர், அதாவது ஒரு பள்ளிப் பிள்ளை நிமிர்ந்து நடக்கிற அகலம். அந்த நாட்களில் வாளியும் தொட்டியும் குழந்தைகள் குளிக்கும் தொட்டியும் எல்லாம் நிரம்பி வழிந்தன. பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் ஓய்வெடுத்தன. வாழையிலைக் கட்சிக்காரர்கள் நிமிர்ந்து நடந்தார்கள்.

அப்படிப்பட்ட தடைக்குப் பிறகு தண்ணீர் திரும்பும்போதுதான் நம் ஒன்றரை மீட்டருக்குச் சோதனை. காலியான குழாய்களில் காற்று நிற்கும். படிந்திருந்த துரு கலங்கும். திரும்பி வரும் முதல் தண்ணீர் இருமிக்கொண்டு, பழுப்பாக வரும். அந்த நேரத்தில் இயந்திரத்தைப் போட்டால் அந்தப் பழுப்பெல்லாம் நேராகச் சல்லடைக்குப் போகிறது. முதலில் வேறு குழாயைத் திறந்து, தெளிவாகும்வரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிறகு இயந்திரத்தின் குழாயைத் திறப்பதுதான் முறை. நீர்த்தடைக்கு அடுத்த வாரம் டிஷ்வாஷர் நின்றால், முதலில் சல்லடையைப் பாருங்கள்.

ஓசையைப் பற்றிச் சொல்லாமல் நயம் முழுதாகாது. தண்ணீர் ஏறும்போது வால்விலிருந்து ஒரு மெல்லிய முனகல் வரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் காந்தம் இரண்டு முறை இழுக்கிறது. ஆக நொடிக்கு 100 அதிர்வு. இந்த முனகல் கேட்டு, தண்ணீர் வராமல் இருந்தால் காயில் உயிரோடு இருக்கிறது, குற்றம் தண்ணீர்ப் பக்கம். முனகலே இல்லாவிட்டால் குற்றம் மின்சாரப் பக்கம்: காயில் அறுந்திருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம், மேலிருந்து கட்டளையே வராமல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்தால் நல்ல காயில் சில ஆயிரம் ஓம் காட்டும். அறுந்த காயில் ஒன்றும் காட்டாது. காதை வைத்தே பாதிப் பிரச்சினையை ஒதுக்கிவிடலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி.

வால்வு மூடும்போது சில வீடுகளில் சுவருக்குள் டொம் என்று ஒரு அடி கேட்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஆணி அடிக்கிறார் என்று நினைப்பார்கள். ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் உந்துதல் அழுத்தமாக மாறிக் குழாயை உதைக்கிறது. ரஷ்ய அறிஞர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களை வைத்துச் சோதித்து 1898-இல் இதற்குக் கணக்கு எழுதினார். இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் கண நேரத்தில் நின்றால், அழுத்தம் 12 பார் அளவுக்கு எகிறும். ரப்பர் ஹோஸ் கொஞ்சம் விரிந்து கொடுத்து இந்த அடியை வாங்கிக்கொள்கிறது. இப்படி விரிந்து கொடுப்பதற்காகவும்தான் ஹோஸ். இடத்துக்கு ஏற்ப வளைவதற்காக மட்டும் இல்லை. சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் அடி பெரிதாகக் கேட்கும். கிளிப்பை இறுக்குங்கள், குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்து வையுங்கள், சத்தம் தணியும்.

இனி வெள்ளக் காவல். நல்ல இயந்திரங்களின் ஹோஸ் தடியாக, நெளிநெளியாக இருக்கும்; குழாய் முனையில் ஒரு பெட்டி தொங்கும். அக்வாஸ்டாப் என்பார்கள். பலர் இதைப் பார்த்து ஏன் இவ்வளவு பெரிய தலை என்று அலுத்துக்கொள்வார்கள், இடத்தில் நுழையவில்லை என்று சாதாரண ஹோஸ் வாங்கி மாட்டுவார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது இன்னொரு மின் வால்வு. நெளிநெளி உறைக்குள் வேறொரு ஹோஸ் ஓடுகிறது. உள் ஹோஸ் ஒருநாள் வெடித்தாலும் தண்ணீர் தரையில் கொட்டாது; இரண்டுக்கும் நடுவே வழிந்து இயந்திரத்தின் அடித்தட்டுக்குப் போகும். அங்கே ஒரு தெர்மோகோல் மிதவை இருக்கிறது. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், ஒரு சுவிட்சைத் தட்டும், குழாய் முனையிலேயே வால்வு மூடிவிடும், வெளியேற்றும் பம்பு ஓடத் தொடங்கும். கசிகிற தண்ணீரையே நடக்கவைத்து, தன் கசிவைத் தானே புகார் சொல்ல வைத்திருக்கிறார்கள். போஷ் இயந்திரங்களில் இது இ15 என்று எழுத்தில் வரும். தண்ணீர் வரவில்லை என்றால் இ18. முதலாவது தண்ணீர் வரக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டது என்கிறது, இரண்டாவது வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை என்கிறது. மின்சாரம் இல்லாத வகையும் உண்டு: ஈரம் பட்டதும் உப்பும் பொருள் ஒன்று ஸ்பிரிங்கை விடுவித்துத் தண்ணீரை அடைத்துவிடும், சின்ன ஜன்னலில் சிவப்புத் தெரியும். சிவப்பைக் கண்டால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது, புதிது வாங்க வேண்டியதுதான்.

இ15 வந்ததும் இயந்திரத்தைச் சாய்த்து அடித்தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மறுபடி ஓடும். ஊரில் பாதிப்பேர் செய்வது இதைத்தான். ஓடட்டும். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது; மிதவை மறுபடி ஏறும். இன்னொரு எச்சரிக்கை: மின் வால்வு உள்ள ஹோஸின் முனைவரைக்கும் வீட்டு மின்சாரம் ஓடுகிறது. அந்தத் தலையைக் கழுவுகிறேன் என்று வாளியில் முக்கக் கூடாது. நீளத்தைக் குறைக்க வெட்டவே கூடாது.

எவ்வளவு தண்ணீர் வந்தது என்று இயந்திரத்துக்குத் தெரிவதும் ஒரு சின்ன வித்தை. பாதையில் ஒரு குட்டிச் சக்கரம், அதில் ஒரு காந்தம். சக்கரம் சுற்றும் எண்ணிக்கையை ஒரு உணரி எண்ணுகிறது. சக்கரத்தில் தூசி சிக்கினால், உள்ளே தண்ணீர் வந்து நின்றாலும் இயந்திரம் வரவில்லை என்றே அடம் பிடிக்கும். எண்ணாத தண்ணீர் அதற்குத் தண்ணீர் இல்லை.

இவ்வளவு நுட்பத்தையும் தெரிந்துவைத்திருக்கும் நல்ல மெக்கானிக் வந்ததும் எதைத் திறக்கிறார் என்று கவனியுங்கள். எதையும் திறக்க மாட்டார். "அக்கா, தண்ணி வருதான்னு முதல்ல பார்ப்போம்" என்று சிங்க்குக்கு அடியில் குனிவார். ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா. இயந்திரத்தைச் சற்று முன்னால் இழுத்து, ஹோஸ் சுவரோடு நசுங்கி மடிந்திருக்கிறதா. பிறகுதான் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வாளியை வைத்துத் திறந்து பார்ப்பார். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வந்தால் குழாய் மேல் குற்றமில்லை. அதற்கப்புறம் சல்லடை, அதற்கப்புறம் வால்வு. தண்ணீர் வருகிற வரிசையிலேயே அவர் கையும் போகும். நேரே இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, போர்டு போய்விட்டது, முன்னூறு ரிங்கிட் ஆகும் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. "மெஷின்ல ஒன்னும் இல்ல லா, பைப்பு பாதிதான் தொறந்திருக்கு" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்தான் அடுத்த முறையும் கூப்பிடத் தகுந்தவர். அவருக்குக் கொடுக்கிற வருகைக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. கருங்கல் மலையிலிருந்தும் மழை பெருகும் ஆற்றிலிருந்தும் வருவதால் பினாங்குக் குழாய்நீர் மென்மையானது. ஐரோப்பாவில் சுண்ணாம்பு படிந்து வால்வு அடைபடுவது பெரிய தொல்லை. இங்கே அது அபூர்வம். இங்கே எதிரி துருவும் மணலும்தான்.

ஆகவே இரண்டு முக்கால் இஞ்ச் ரப்பர் வாஷரும் ஒரு பழைய பல் துலக்கியும் சிங்க்குக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, சல்லடையை அலசிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். ஊருக்குப் போகும்போது கேஸை மூடுவதுபோலவே இந்த ஆங்கிள் வால்வையும் மூடிவிட்டுக் கிளம்புங்கள். பக்கவாட்டில் வீங்கியோ வெடித்தோ தெரியும் ஹோஸுக்கு டேப் சுற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள்.